நாலேகால் எம்பிக்கு எத்தனை பிளாப்பி?

போன வருஷம் ஆடிக் காற்று அடங்கியிருந்த சமயம். ஏற்காட்டிலிருந்து ஒரு பையன் இரண்டு பிஸ்கட் டின்களைத் தூக்கிக்கொண்டு கோரிமேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். பையன் என்கிறேனே தவிர, முப்பதைத் தாண்டியிருப்பான். அவனுடைய அப்பா மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவராக, இருந்தவர். அந்தக் காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம். எஸ்டேட் கைமாறி, பழைய ஆபீஸ் அறையைக் காலி செய்தபோது பீரோவின் மேல் தட்டில் இந்த டின்கள் கிடைத்திருக்கின்றன. திறந்தால் உள்ளே அடுக்கடுக்காகப் பிளாப்பி, பென்டிரைவ் வராத காலத்தில் கம்ப்யூட்டர் கோப்புகளைச் சேமித்து எடுத்துப்போன காந்தத் தட்டு.

“அண்ணா, அப்பா உங்ககிட்டதான் கொடுக்கச் சொன்னாருங்க. இதுல இருக்கறதையெல்லாம் ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தரணுமாம். எத்தனை ஜிபி வாங்கட்டுங்க? அறுபத்து நாலு பத்துமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பாயில் கொட்டி இரண்டு பேரும் எண்ணினோம். மூன்றரை இஞ்ச் பிளாப்பி 137. பெரிய அஞ்சேகால் இஞ்ச் 6. மூன்றரை இஞ்சிலும் இரண்டு சாதி உண்டு. கீழ் மூலைகள் இரண்டிலும் சதுர ஓட்டை இருந்தால் 1.44 எம்பி, ஒரு மூலையில் மட்டும் இருந்தால் 720 கேபி. அப்படிப் பிரித்ததில் 120 பெரியது, 17 சின்னது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 120 பெருக்கல் 14,74,560. 17 பெருக்கல் 7,37,280. அஞ்சேகால் இஞ்ச் ஒவ்வொன்றும் 3,68,640. எல்லாம் சேர்த்து 19,16,92,800 பைட். இரண்டு டின்னும் முழுக்க நிரம்பியிருந்தால்கூட ஒரு ஜிபியில் ஐந்தில் ஒரு பங்கு வராது. தம்பியின் முகத்தில் ஓர் ஏமாற்றம். இவ்வளவு கனமாக இருக்கிறதே, மலையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தோமே என்று.

இந்தக் கணக்கை நான் இப்படி மளமளவென்று போடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1996இல் இதே கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, இதே ஏற்காட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவன் நான்.

அப்போது சேலத்தில் ஒரு டிடிபி கடையில், கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்து அச்சுக்குத் தயார் செய்யும் வேலை. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு மலையிலிருந்து ஒரு பெரிய வேலை வந்தது. எஸ்டேட்டில் விருந்தினர் விடுதி ஒன்று கட்டியிருந்தார்கள். அதற்கு நாலு பக்க விளம்பரத் தாள் வேண்டும். முதலாளியின் மருமகன் பெங்களூரிலிருந்து ஸ்கேனர் கொண்டுவந்து, எஸ்டேட்டின் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து அங்கேயே கம்ப்யூட்டரில் ஏற்றி, பிகேஜிப் என்ற நிரலில் சுருக்கி ஒரே ஜிப் கோப்பாக வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை எடுத்து வர வேண்டியது நான்.

போகும் முன் எஸ்டேட்டுக்குப் போன் செய்து, கோப்பு எவ்வளவு பெரியது என்று கேட்டேன். “நாலேகால் எம்பி வருதுங்க” என்றார் அங்கிருந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கால்குலேட்டரை எடுத்தேன். 4.25 வகுத்தல் 1.44. விடை 2.95. மூன்று பிளாப்பி. அதிலும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். கடை முதலாளி பிளாப்பியை எண்ணித்தான் தருவார். மூன்று கேட்டேன், மூன்று கொடுத்தார்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒண்டிக்கடையில் இறங்கி, அங்கிருந்து எஸ்டேட் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் திரையில், கோப்புப் பட்டியலைக் காட்டும் டிர் கட்டளையை அடித்துப் பார்த்தேன். 44,55,903 பைட். அவர் சொன்னது சரிதான். 10,48,576ஆல், அதாவது 1024 பெருக்கல் 1024ஆல், வகுத்தால் 4.25 வரும். ஏஆர்ஜே என்று ஒரு நிரல் உண்டு, பெரிய கோப்பை நாம் சொல்லும் அளவில் துண்டு போட்டுத் தரும். பிளாப்பி அளவு சொல்லி ஓடவிட்டேன். முதல் துண்டு, ஏ01, ஏ02 என்று வரிசையாக வந்தது. நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. ஏ03 என்று நாலாவதாக ஒன்று வந்து விழுந்தது. வெறும் 81 கேபி சொச்சம்.

அந்த 81 கேபிக்கு என்னிடம் இடம் இல்லை. ஏற்காட்டில் அன்றைக்குப் பிளாப்பி விற்கும் கடை கிடையாது. ஏற்கெனவே சுருக்கிய கோப்பு என்பதால் இன்னொரு தரம் சுருக்கினாலும் ஒன்றும் குறையவில்லை. மேனேஜர் சார் ஒரு மாதிரியாகப் பார்த்தார். “கணக்குப் பார்த்துக் கொண்டாரலையா தம்பி?” என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

என்னைக் காப்பாற்றியது ரைட்டரண்ணன். அவருடைய மேஜை டிராயரில், கூலிக் கணக்கு வைத்திருந்த காலத்து அஞ்சேகால் இஞ்ச் பிளாப்பி ஒன்று சும்மா கிடந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு டிரைவும் உண்டு. 360 கேபி பிளாப்பியில் 81 கேபி தாராளமாக உட்கார்ந்தது. எங்கள் கடையில் அஞ்சேகால் இஞ்ச் டிரைவ் இல்லை. சேலம் இறங்கியதும் இரண்டாவது அக்ரஹாரத்தில் தெரிந்த ஆடிட்டர் ஆபீசுக்குப் போய், அவர்கள் கம்ப்யூட்டரில் அதை மூன்றரை இஞ்சுக்கு மாற்றிக்கொண்டேன். ஆடிட்டர் ஆபீசில் இருந்தது 1.2 எம்பி டிரைவ். அது 360ஐ நன்றாகப் படிக்கும். ஆனால் அதில் 360 பிளாப்பியை எழுதினால் பழைய 360 டிரைவ் படிக்கத் தகராறு செய்யும், படித்து எழுதும் தலை மெல்லியது என்பதால் தட்டில் அது போடும் வட்டத் தடமும் மெல்லிதாக விழும். நல்லவேளையாக எனக்குப் படிக்க மட்டும்தான் வேண்டியிருந்தது.

சரி, எங்கே தப்பு? ஆபரேட்டர் ஒழுங்காகத்தான் வகுத்திருந்தார், நானும் ஒழுங்காகத்தான் வகுத்தேன். அவர் எம்பி வேறு, என் எம்பி வேறு.

பிளாப்பி மேல் இருக்கும் 1.44 ஒரு கலப்படம். அதன் உண்மையான கணக்கு இப்படி: இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு செக்டர் எனும் 18 துண்டு, செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560. இதை 1024ஆல் வகுத்தால் 1440 கேபி. இதுவரை நேர்மை. அப்புறம் எவரோ ஒருவர் 1440ஐ 1024ஆல் வகுக்காமல் 1000ஆல் வகுத்து 1.44 எம்பி என்று போட்டுவிட்டார், அதுவே ஊரெல்லாம் நிலைத்துவிட்டது. பத்து லட்சம் பைட் ஒரு எம்பி என்று வைத்தால் அது 1.47 எம்பி. கம்ப்யூட்டரின் 1024 கணக்கில் சொன்னால் 1.41 எம்பி. 1.44 இரண்டிலும் சேராது. அந்த எஸ்டேட் கோப்பை இந்தக் கலப்பட எம்பியில் அளந்திருந்தால் 4.25 இல்லை, 4.35. அதை 1.44ஆல் வகுத்தால் 3.02. மூன்று போதாது என்று போனிலேயே தெரிந்திருக்கும்.

அதுவும் முழுக் கதை இல்லை. 14,74,560 பைட்டும் நமக்குக் கிடையாது. டாஸ் பிளாப்பியை எழுதத் தயார் செய்யும்போது, அதாவது பார்மேட் செய்யும்போது, முதல் செக்டரைக் கம்ப்யூட்டரைக் கிளப்பும் பூட் நிரலுக்கு, அடுத்த 18 செக்டரை எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணைக்கு, 14 செக்டரைக் கோப்புப் பெயர்களுக்கு என்று எடுத்துக்கொள்கிறது. 2880இல் 33 போனால் 2847. அதை 512ஆல் பெருக்கினால் 14,57,664. ஒரு காலிப் பிளாப்பியைப் போட்டு டிர் அடித்தால் கீழே மீதி இடம் என்று வருமே, அந்த எண் இதுதான். தினமும் பத்துத் தரம் கண் முன்னால் வந்த எண். ஒருநாளும் நின்று படித்ததில்லை.

ரைட்டரண்ணனிடம் அன்றைக்குச் சாயந்திரம் களத்து ஓரமாக நின்றுகொண்டு இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “நீங்க ஒரு டன் காபின்னு சொன்னா நாங்க முதல்ல என்ன கேப்போம்? பழமா, பார்ச்மென்டா, கிளீன் காபியான்னு கேப்போம். பழத்துல ஒரு டன்னும் கொட்டையில ஒரு டன்னும் ஒண்ணாங்க?” என்றார். பார்ச்மென்ட் என்பது சதை போய் உமி மட்டும் இருக்கும் கொட்டை, கிளீன் என்பது உமியும் போன கொட்டை. பழம் காய்ந்து, தோல் நீங்கி, கொட்டையாக வரும்போது ஆறில் ஒரு பங்கு நிற்கும் என்பது மலையில் குழந்தைக்கும் தெரியும். அதற்கப்புறம் யாராவது எம்பி என்றால் எனக்குள் அவர் குரல்தான் கேட்கும்.

பழம், பார்ச்மென்ட், கிளீன் என்று பிளாப்பியிலும் மூன்று எண் உண்டு. சில அட்டைகளில் பார்மேட் செய்யாதபோது 2 எம்பி என்று அச்சடித்திருக்கும். அதுவும் பொய் இல்லை. டிரைவ் நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது, விநாடிக்கு 5 லட்சம் பிட் எழுதுகிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் ஒரு சுற்றுக்கு 12,500 பைட், இரண்டு பக்கமும் சேர்த்து 160 தடத்துக்கு மிகச்சரியாக 20 லட்சம் பைட். அதில் செக்டருக்குச் செக்டர் இடைவெளி, அடையாளக் குறி, பிழை சோதிக்கும் எண் என்று போக மிஞ்சுவது 14,74,560. அதில் டாஸ் எடுத்தது போகக் கைக்கு வருவது 14,57,664. பழத்தின் எடையைப் பார்த்துக் கொட்டைக்குச் சாக்கு வாங்கக் கூடாது.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். கோப்பின் அளவை பைட்டில் கேட்பேன். 14,57,664ஆல் வகுப்பேன். பின்னம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மேலே ஏற்றுவேன். 3.01 வந்தால் 4. பைட்டில் தெரியவில்லை, கம்ப்யூட்டர் காட்டும் எம்பி மட்டும்தான் இருக்கிறது என்றால் 1.39ஆல் வகுக்கலாம். மனக்கணக்குக்கு இன்னும் சுலபம்: 100 எம்பிக்கு 72 பிளாப்பி. 720 கேபி பிளாப்பி என்றால் கைக்கு வருவது 7,30,112, அஞ்சேகால் இஞ்ச் 360இல் 3,62,496, 1.2 எம்பியில் 12,13,952. இந்த நாலு எண்ணையும் பேனாவால் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தேன். கடை மூடும்வரை இருந்தது.

கணக்கு சரியாக இருந்தும் இடம் போதாமல் போன சந்தர்ப்பங்களும் உண்டு. 900 கேபி கோப்பு மூன்று இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 2700 கேபி. பிளாப்பிக்கு 1423 கேபி என்றால் இரண்டில் அடங்க வேண்டும். அடங்காது. ஒரு பிளாப்பியில் ஒன்று போட்டால் மீதி 523 கேபி, அதில் இரண்டாவது 900 நுழையாது. துண்டு போடாத வரை மூன்று பிளாப்பிதான். நிறையக் கோப்புகளைப் பிரித்துப் போடும்போது பெரியதிலிருந்து தொடங்கிச் சின்னதைக் கடைசியில் சந்துகளில் செருகினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு பிளாப்பி மிச்சமாகும். பஸ்ஸில் மூட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் புரியும்.

இன்னொன்று என்னை அரை நாள் கிறுக்குப் பிடிக்க வைத்தது. பிளாப்பியில் பாதிக்கு மேல் காலி. ஆனால் அடுத்த கோப்பு ஏற மாட்டேன் என்கிறது. முதலில் பிளாப்பி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டை மாற்றினேன், அவையும் அப்படியே. பிறகுதான் தெரிந்தது, கோப்புப் பெயர்களுக்கு டாஸ் ஒதுக்கிய 14 செக்டரில் 224 வரிதான் இருக்கிறது. அது நிரம்பினால் இடம் எவ்வளவு இருந்தாலும் பயன் இல்லை. எட்டெழுத்துப் பெயர் வைத்த காலத்தில் 224 கோப்பு என்றால் நிறைய. விண்டோஸ் 95 வந்து நீளமான பெயர் வைக்கலாம் என்றானதும், பெயரில் 13 எழுத்துக்கு ஒரு வரி கூடுதலாகத் தின்ன ஆரம்பித்தது. முப்பது எழுத்தில் பெயர் வைத்தால் ஒரு கோப்புக்கு நாலு வரி. 56 கோப்போடு கதை முடிந்தது. நான் ஒரு கல்யாண மண்டபத்து ரசீதுகளைத் தேதி, பெயர், ஊர் எல்லாம் போட்டு ரொம்ப நேர்த்தியாகப் பெயரிட்டு வைத்திருந்தேன். அந்த நேர்த்திக்குக் கிடைத்த பரிசு. வழி சுலபம்: பிளாப்பிக்குள் ஒரு போல்டர் போட்டு அதற்குள் வைத்தால் இந்த வரம்பு இல்லை.

பிளாப்பி எண்ணிக்கையைச் சொல்லும்போது ஒன்றிரண்டு கூடுதலாகவே சொல்வது வழக்கமாகிவிட்டது, கெட்டுப்போவதற்கென்று. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு விலைப்பட்டியல் அடித்துக் கொடுத்தோம். பிளாப்பியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டுத் தட்டுவடை செட் சாப்பிட்டு வந்தேன். அங்கே அராவிய வெள்ளித் தூளில் கலந்த இரும்புத் துணுக்கை எடுக்க ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். காற்றில் பறக்காமல் இருக்கட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் அந்தக் காந்தத்தை எடுத்துப் பிளாப்பி மேல் பாரமாக வைத்திருந்தார்கள். இரண்டு நாள் வேலை. அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் இரண்டு பிரதி, இரண்டு பையில்.

டின் விஷயத்துக்கு வருகிறேன். மலையில் பிளாப்பிக்குக் காந்தத்தைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. ஐப்பசி கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வரும் ஊர். பிளாப்பியின் உலோக மூடியை விரலால் ஒதுக்கி, பின்பக்கம் இருக்கும் வட்டத் தகட்டை மெதுவாகச் சுற்றினால் கறுப்புத் தட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். சுத்தமாக இருந்தால் பளபளவென்று இருக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் வெள்ளையாக, காய்ந்த பால் சிந்தியதுபோலத் திட்டுத் திட்டாக இருக்கும். நான் முதல் நாள் உற்சாகத்தில் இதைப் பார்க்காமல் ஒன்றை டிரைவில் போட்டுவிட்டேன். கரகரவென்று ஒரு சத்தம். பூஞ்சை படிக்கும் தலையில் அப்பிக்கொண்டு, அடுத்துப் போட்ட நல்ல பிளாப்பியில் வட்டமாகக் கோடு கிழித்துவிட்டது. அதில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அதன்பின் 137ஐயும் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, 38ஐத் தனியாக ஒதுக்கினேன். அவற்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக் காயவைத்து, கடைசியாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு டிரைவின் தலையையும் துடைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது.

போடும் முன் எழுதத் தடை செய்யும் தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிட வேண்டும். மூன்றரை இஞ்சில் ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது. அஞ்சேகால் இஞ்சில் நேர் எதிர், ஓரத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தைத் தாள் ஒட்டி மூடினால்தான் எழுத முடியாது. இது தெரியாமல் பாதுகாப்பு செய்கிறேன் என்று திறந்து வைத்தவர்கள் நிறையப் பேர்.

யுஎஸ்பியில் சொருகும் பிளாப்பி டிரைவ் இன்னும் கிடைக்கிறது. மூன்றரை இஞ்சுக்கு மட்டும். கோப்பு கோப்பாக நகல் எடுக்காமல், பிளாப்பி முழுவதையும் செக்டர் செக்டராக ஒரே கோப்பாக எடுத்துவிடுவது நல்லது. அழித்த கோப்புகளும் சேர்ந்து வரும், கெட்ட செக்டர் எது என்றும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்படி எடுத்தால் 1.44 பிளாப்பி ஒவ்வொன்றும், உள்ளே ஒரே ஒரு கடிதம் இருந்தாலும், மிகச்சரியாக 14,74,560 பைட் வரும். ஒரு பைட் குறைந்தாலும் எங்கோ தவறு என்று தெரிந்துகொள்ளலாம். ஆக இடத்தைக் கணக்கிட 14,57,664, நகலைச் சரிபார்க்க 14,74,560. இரண்டும் வேறு வேறு வேலைக்கு.

தம்பி கேட்ட 64 ஜிபி பென்டிரைவை வைத்து ஒருநாள் விளையாட்டாகக் கணக்குப் போட்டோம். விற்கிறவர் சொல்லும் ஜிபி என்பது நூறு கோடி பைட். ஆகவே 6,400 கோடி. அதை 14,57,664ஆல் வகுத்தால் 43,906 பிளாப்பி. ஒரு பிளாப்பியின் தடிமன் 3.3 மில்லிமீட்டர். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் சுமார் 145 மீட்டர். “எந்தக் கோயில் கோபுரமும் இவ்வளவு உயரம் இருக்காதுங்களே” என்றான். அதே பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினால் 59.6 ஜிபி என்று காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடையில் சண்டைக்குப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் 1024ஆல் மூன்று தரம் வகுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். கேபியில் இந்த வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. ஜிபிக்கு வரும்போது ஏழுக்கு மேல். விற்கிறவர் ஜிபி ஒன்றுக்கு 687 பிளாப்பி, கம்ப்யூட்டர் ஜிபி ஒன்றுக்கு 737. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1024 கணக்குக்கு கிபி, மெபி என்று 1998இல் தனிப் பெயரே வைத்தார்கள். சேலத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கணக்குப் போட்டுக்கொண்டே போனதில் ஒரு வேடிக்கை அகப்பட்டது. 80 நிமிஷ சிடியில் விநாடிக்கு 75 செக்டர், ஆக மொத்தம் 3,60,000 செக்டர். செக்டருக்கு 2048 பைட் என்றால் 73,72,80,000. இதை 14,74,560ஆல் வகுத்துப் பாருங்கள். மிகச்சரியாக 500. மிச்சமே இல்லை. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிளாப்பிகளில் பாதிக்கு மேல் தமிழ்க் கடிதங்கள். அந்தக் காலத்து எழுத்துருவில் அடித்தவை. அவற்றை இன்று எல்லாக் கம்ப்யூட்டரும் புரிந்துகொள்ளும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றும்போது இன்னொரு கணக்கு வந்து நின்றது. எங்கள் கடை எழுத்துருவில் ‘ஏற்காடு’ என்று அடித்தால் ஏ, ற், க, கால், டு என்று ஐந்து பைட். யூனிகோடில் புள்ளியும் உகரமும் தனித்தனி, ஆக ஏழு குறியீடு. யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 21. எழுத்து ஒன்றும் கூடவில்லை, சொல் ஒன்றும் கூடவில்லை, நாலு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. இடைவெளி, எண்ணெல்லாம் சேர்த்துச் சராசரியாக மூன்றரை மடங்கு வந்தது. ஒரு பிளாப்பியில் மூன்றில் ஒரு பங்குகூட அடைக்காமல் இருந்த நாலரை லட்சம் பைட் கோப்பு ஒன்று, மாற்றிய பிறகு ஒரு பிளாப்பியில் கொள்ளாது. இன்றைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் 1996இல் யூனிகோடு எங்கள் கடைக்கு வந்திருந்தால் முதலாளி விரட்டியடித்திருப்பார்.

இரண்டாவது டின்னின் அடியில் ஒரு ரப்பர் பேண்டு போட்ட கட்டு இருந்தது. ரப்பர் இளகிப் பிளாப்பியோடு ஒட்டிப்போயிருந்தது. மூன்று மூன்றரை இஞ்ச், ஒரு அஞ்சேகால். மேலே நீல மசியில் 1/4, 2/4, 3/4, 4/4. என் கையெழுத்து. வேலை முடிந்ததும் நாலையும் எஸ்டேட்டுக்கே திருப்பி அனுப்பியிருந்தோம். மூன்று பிளாப்பிக்கும் முதலாளி பில்லில் தனியாகக் காசு போட்டிருந்தார் என்பதும் நினைவுக்கு வந்தது.

மூன்றும் ஒரு பிழை இல்லாமல் படித்தன. நாலாவதைப் படிக்க என்னிடம் டிரைவ் இல்லை. ஏஆர்ஜே கடைசித் துண்டைக் கேட்டு நின்றது, வந்தவரை பிரித்து வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது ஜிப் கோப்பு. அதன் பொருளடக்கம் கடைசியில்தான் இருக்கும், அதாவது அந்த 81 கேபிக்குள். அதனால் சாதாரணமாகத் திறக்கவில்லை. பழுது பார்க்கும் நிரலை ஓடவிட்டதும், ஒவ்வொரு படத்தின் முன்னாலும் இருக்கும் குறிப்பை வைத்துத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தது. பழைய பங்களா, பழம் உரிக்கும் மெஷின், முதல் ஜீப், மழையில் நனைந்த மிளகுக் கொடி. ஒன்பது படத்தில் எட்டு முழுசாக வந்தன.

ஒன்பதாவது, காபி காயும் களத்தில் வேலையாட்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். மேலிருந்து கீழாக வரி வரியாக எழுதப்படும் பழைய பிசிஎக்ஸ் வகைப் படக் கோப்பு. பின்னால் நிற்கிறவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்த மேனேஜர் மார்புவரை தெரிகிறார். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டை.

தம்பி அதை மொபைலில் அப்பாவுக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் அவரே போன் செய்தார். குரல் தளர்ந்துவிட்டது, ஆனால் அதே நிதானம்.

“எல்லாரும் இருக்காங்க தம்பி. நான் கீழ தரையில உக்காந்திருந்தேன்.”

அந்தப் படத்துக்கு வேறு பிரதி இல்லை. விளம்பரத் தாளில் அதைச் சேர்க்கவே இல்லை, இடம் போதவில்லை என்று விட்டுவிட்டோம். அஞ்சேகால் இஞ்ச் பிளாப்பியை உறையிலிருந்து எடுக்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், தெரிந்தவரை பூஞ்சை இல்லை. யுஎஸ்பி உதவாது, பழைய மதர்போர்டும் 34 முனை நாடாக் கேபிளும் வேண்டும். அவை இரண்டும் என் பரணில் இருக்கின்றன. டிரைவ்தான் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் நாலைந்து பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளை உடைக்காமல் வைத்திருக்கிறார்கள், ஒன்றில் அகலமான வாய் இருக்கிற டிரைவ் இருந்ததைப் பார்த்தேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்திருக்குமாம். தம்பியையும் முதல் பஸ்ஸில் இறங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.